மலை ஏறத் திணறும் குட்டி யானை... பெரிய த்ராட்டில் பாடி மாட்டினால் இழுத்துவிடுமா?

காபி அறுவடை தொடங்கிவிட்டால் மாரமங்கலம் பக்கத்து மலைப்பாதைகளில் சின்ன லோடு வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. சேலம் மாவட்டம், ஏற்காடு ஒன்றியத்து மலைக்கிராமங்களில் இதுவும் ஒன்று. காபி, மிளகு, பலா, உர மூட்டை, சிமென்ட், ரேஷன் அரிசி என்று எது ஏறினாலும் இறங்கினாலும் அதற்கு ஒரு குட்டி யானையோ, ஒரு பிக்கப்போ வேண்டும். வண்டி நின்றால் அன்றைய வாடகை போச்சு. மாதத் தவணை மட்டும் நிற்காது.

இந்த வண்டிக்காரர்கள் சேலத்துப் பட்டறைகளுக்கு வந்தால் சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

"கீழே நல்லா ஓடுதுங்கண்ணா. அடிவாரம் தாண்டிட்டா இழுவையே இல்லைங்க. மிதிச்சாலும் ஏற மாட்டேங்குது."

"ஏர் பத்தலைப்பா. த்ராட்டில் பாடியை ஒரு சைஸ் பெருசா மாத்திடலாம். பறக்கும் பாரு!"

இந்த இரண்டாவது வசனம் இப்போது யூடியூபிலும் நிறையக் கேட்கிறது. பைக் பையன்களிடமிருந்து கார்களுக்குப் போய், இப்போது லோடு வண்டிகளுக்கும் வந்துவிட்டது. பெரிய வாய் வைத்தால் நிறைய காற்று, நிறைய காற்று போனால் நிறைய பவர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவு வைக்கிற இந்த நியாயம், கணக்குப் போட்டுப் பார்த்தால் எங்கே இடறுகிறது?

முதலில், அது என்ன பொருள்?

பெட்ரோல் இன்ஜின் மூச்சு விடுவதற்கு ஒரு குழாய் இருக்கிறது. ஏர் ஃபில்டரைத் தாண்டி வரும் காற்று இன்ஜினுக்குள் நுழையும் வாசலில் ஒரு வட்டமான அலுமினியத் துண்டு. அதன் நடுவில் ஓர் அச்சில் சுழலும் வட்டத் தகடு. பட்டறையில் 'பட்டர்ஃப்ளை' என்பார்கள். நீங்கள் ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திறக்கும். காலை எடுத்தால் மூடும். இந்த மொத்த அமைப்புதான் த்ராட்டில் பாடி. அதன் 'சைஸ்' என்று சொல்வது அந்த வட்டத்தின் குறுக்களவு, மில்லிமீட்டரில் சொல்வார்கள்.

ஆக்சிலேட்டரை 'எண்ணெய் கூட்டுகிற பெடல்' என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெட்ரோல் வண்டியில் அது காற்றைக் கூட்டுகிற பெடல். எவ்வளவு காற்று போனது என்று சென்சார் பார்த்து, அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்கும். கணக்குப் போடுவது இ.சி.எம் என்கிற கம்ப்யூட்டர் பெட்டி.

டீசல் வண்டிக்காரர்கள் இந்த இடத்திலேயே படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் டீ குடிக்கலாம். டீசல் இன்ஜினில் பவரை முடிவு செய்வது காற்றின் அளவு அல்ல, தெளிக்கப்படும் டீசலின் அளவு. பி.எஸ்.6 டீசல் வண்டிகளின் காற்றுக் குழாயிலும் ஒரு தகடு இருக்கலாம். ஆனால் அது புகையின் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் திருப்பிவிடவும், புகை வடிகட்டியைச் சூடேற்றிச் சுத்தம் செய்யவும், இன்ஜினை அதிராமல் அணைக்கவும் வைக்கப்பட்டது. அதைப் பெரிதாக்கி இழுவை கூட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவது உத்தமம்.

ஆகவே பேச்சு பெட்ரோல், சி.என்.ஜி சின்ன லாரிகளைப் பற்றியது. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல். 'குட்டி யானை' என்று தமிழ்நாடே பெயர் வைத்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 கட்டாயமானபோது சின்ன டீசல் இன்ஜின்களைச் சுத்தமாக்குவது செலவான வேலையாகிவிட்டது. இந்த அளவு வண்டிகளில் பெட்ரோல் பெரிய இடத்தைப் பிடித்தது. ஏஸ் கோல்டு பெட்ரோல் 694 சிசி, 30 குதிரைத்திறன். மாருதியின் சூப்பர் கேரி 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், இப்போதைய மாடலில் சுமார் 80 குதிரைத்திறன். இரண்டிலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். இரண்டிலும் த்ராட்டில் பாடி உண்டு.

மலையில் காணாமல் போகும் காற்று

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறுவது ஏறக்குறைய 1,200 மீட்டர் செங்குத்து உயரம்.

உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட சுமார் 14 சதவீதம் குறைவு. சேலத்தோடு ஒப்பிட்டால், மலையின் குளிர்ச்சி கொஞ்சம் ஈடுகட்டுவதையும் சேர்த்து, 10 முதல் 12 சதவீதம் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவு ஆக்சிஜன் குறைகிறது. முழு மிதியில் கிடைக்கும் பவரும் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. டர்போ வைத்த டீசல் பிக்கப்கள் மலையில் அலட்டிக்கொள்ளாமல் ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மெலிந்த காற்றை டர்போ அமுக்கிக் கொடுத்துவிடுகிறது. டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு அந்த வசதி கிடையாது.

அப்படியானால் வாசலை அகலமாக்கி அந்த 12 சதவீதத்தை மீட்டுவிட முடியாதா?

முடியாது. ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் 200 இலை போட இடம் இருக்கிறது. வந்திருப்பது 175 பேர். வாசலில் நெரிசலே இல்லை. இந்த நிலையில் வாசல் கதவைக் கழற்றிவிட்டு அகலமாக்கினால் 200 பேர் சாப்பிட்டுவிடுவார்களா? ஆட்கள் குறைந்தது வாசலில் அல்ல, ஊரில். மலையிலும் அதே கதை. தகடு முழுதாகத் திறந்துவிட்டால் இன்ஜினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய வெளியே உள்ள அழுத்தத்துக்கு வந்துவிடும். வெளியே இல்லாத அழுத்தத்தை எந்த வாசலும் கொண்டுவர முடியாது.

கார்புரேட்டர் காலத்தில் மலையின் தொல்லை இன்னொரு வடிவிலும் வரும். கார்புரேட்டருக்குக் காற்றின் அடர்த்தி தெரியாது. மெலிந்த காற்றுக்கும் சமவெளி அளவை ஒட்டியே பெட்ரோல் விட்டுவிடும். கலவை அடர்த்தியாகி, கரும்புகை, ஸ்பார்க் பிளக்கில் கரி, மைலேஜ் காலி. மலையிலேயே ஓடுகிற வண்டிக்குச் சின்ன ஜெட் மாற்றிப் போடுவது அப்போது நியாயமான வைத்தியம். 'மலை வண்டிக்குத் தனி செட்டிங்' என்ற நம்பிக்கையின் வேர் அங்கேதான் இருக்கக்கூடும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த வேலையை சென்சார் வினாடிக்குப் பலமுறை தானாகவே செய்துவிடுகிறது.

கொஞ்சம் கணக்கு

பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

1.2 லிட்டர் இன்ஜின் என்றால் எல்லா சிலிண்டரும் ஒருமுறை மூச்சிழுத்தால் 1.2 லிட்டர். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு மூச்சு. ஒரு சுற்றுக்கு 0.6 லிட்டர். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 3,600 லிட்டர். அதாவது வினாடிக்கு 60 லிட்டர். எந்த இன்ஜினும் முழு மூச்சு இழுப்பதில்லை. 85 சதவீதம் என்று வைத்தால் வினாடிக்கு 51 லிட்டர்.

இந்தக் காற்று உதாரணத்துக்கு 45 மி.மீ வட்டத்தின் வழியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். (எந்த மாடலின் அசல் அளவும் அல்ல, கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்.) பரப்பு சுமார் 15.9 சதுர சென்டிமீட்டர். காற்றின் வேகம் வினாடிக்கு 32 மீட்டர், மணிக்கு 115 கிலோமீட்டர். வேகமாகத் தெரிகிறதா? அந்த வேகத்தில் வாசலில் இழக்கும் அழுத்தம், மொத்தக் காற்றழுத்தத்தில் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான்.

இப்போது 55 மி.மீ மாட்டுங்கள். குறுக்களவு 22 சதவீதம்தான் கூடியது. பரப்போ வர்க்கத்தில் கூடும் என்பதால் கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடிவிட்டது. காற்றின் வேகம் மணிக்கு 77 கிலோமீட்டராகக் குறைகிறது. இழப்பு பாதிக்கும் கீழே. அருமை! ஆனால் மீட்டது எவ்வளவு? அந்த ஒரு சதவீதத்தில் பாதி. அதுவும் 6,000 சுற்றில், பெடலைத் தரை வரை மிதித்தால் மட்டும். மலையேறும்போது இன்ஜின் பெரும்பாலும் சுழல்வது 2,500, 3,000 சுற்றுகளில். அங்கே 45 மி.மீ வாசலிலேயே காற்று மணிக்கு 50, 60 கிலோமீட்டரில் நிதானமாகத்தான் போகும். இழப்பு இருந்ததே இல்லை. மீட்பதற்கு என்ன இருக்கிறது?

தலைகீழாகவும் பார்க்க வேண்டும். அதே இன்ஜினுக்கு 32 மி.மீ வாசல் வைத்தால் உச்ச சுற்றில் காற்றின் வேகம் மணிக்கு 225 கிலோமீட்டரைத் தாண்டும். வேகம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காவதால், இப்போது நிஜமாகவே மூச்சு முட்டும். ஆகவே சைஸ் முக்கியமில்லை என்று அர்த்தமில்லை. ஓர் அளவுக்குக் கீழே போனால் இழப்பு மளமளவென்று ஏறும்; அந்த அளவைத் தாண்டிவிட்டால் எவ்வளவு பெரிதாக்கினாலும் பெரிய லாபம் இல்லை. கம்பெனி இன்ஜினியர்கள் அந்த அளவைக் கொஞ்சம் தாண்டித்தான் வைத்திருப்பார்கள்.

இந்தப் பழக்கத்தின் தாய்வீடான அமெரிக்காவிலும் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1980-களின் பிற்பகுதியில் ஷெவர்லே லாரிகளில் த்ராட்டில் பாடிக்குள்ளேயே இன்ஜெக்டர் வைத்த அமைப்பு வந்தது. 5.7 லிட்டர் இன்ஜினுக்கு சுமார் 43 மி.மீ அளவில் இரட்டை வாசல், 7.4 லிட்டருக்கு சுமார் 51 மி.மீ இரட்டை வாசல். இன்ஜின் பெரிதானதால் வாசல் பெரிதானது. பெரிய இன்ஜினின் வாசலைக் கழற்றிச் சின்ன இன்ஜினில் மாட்டும் பழக்கம் அங்கே இன்றும் உண்டு. கேம் ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட் எல்லாவற்றையும் மாற்றியவர்களுக்கு அதனால் பலன் இருக்கும். வேறு எதையும் தொடாமல் வாசலை மட்டும் மாற்றினால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் ஏன் 'வண்டி பறக்குது' என்கிறார்கள்?

பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

பெரிய வட்டத்தில் தகடு கொஞ்சம் திறந்தாலே முன்பைவிட ஒன்றரை மடங்கு காற்று போகும். கால் பெடலைத் தொட்டவுடன் வண்டி 'வெடுக்'கென்று குதிக்கும். முன்பு பாதி மிதித்துக் கிடைத்தது இப்போது கால்வாசி மிதியில் கிடைக்கிறது. 'அட, பிக்கப் வந்துடுச்சே!' என்று மனசு சொல்லும். முழுதாக மிதித்துப் பார்த்தால் பழைய பவர்தான். குழாயடியில் ஒரு சுற்று திருப்பினால் வந்த தண்ணீர், அரைச்சுற்றில் வருகிறது. தொட்டியில் தண்ணீர் கூடிவிட்டதா என்ன?

சமவெளியில் இந்த வெடுக் ஒரு வேடிக்கை. மழை பெய்த கொண்டை ஊசி வளைவில், முக்கால் டன் லோடோடு, முதல் கியரில், பின்சக்கரம் வழுக்குமோ வழுக்காதோ என்று நூல் பிடித்த மாதிரி மிதிக்க வேண்டிய நேரத்தில் அது தொல்லை. அந்த இடத்தில் ஓட்டுநருக்குத் தேவை பெடல் நிதானமாகக் கேட்பது.

உண்மையில் மலைக்கு எத்தனை குதிரை வேண்டும்?

இந்த எண்ணைப் பார்த்தால் பலர் ஆச்சரியப்படுவார்கள். வண்டியும் லோடும் சேர்த்து 1,600 கிலோ. மலைப்பாதையின் ஏற்றப் பகுதியை 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சராசரி ஏற்றம் 100 மீட்டருக்கு 6 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறினால், சக்கர உராய்வும் சேர்த்து, சக்கரத்தில் தேவைப்படுவது சுமார் 11 குதிரைத்திறன். ஏற்றம் இரட்டிப்பாகிற செங்குத்து இடங்களிலும் 20 குதிரைத்திறன் போதும்.

80 குதிரைத்திறன் இன்ஜின் மலையின் மேல் 70 ஆகக் குறைந்தாலும் இதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. தகடு முழுதாகத் திறக்க வேண்டிய அவசியமே வராது. காற்று மெலிந்தால் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துகொள்ளும், அவ்வளவுதான். பாதிகூடத் திறக்காத கதவைப் பெரிதாக்கி என்ன லாபம்?

30 குதிரைத்திறன் வண்டிக்கு விஷயம் கொஞ்சம் இறுக்கம். மேலே போனால் 26, 27 தான் மிஞ்சும். கியர், அச்சு இவற்றில் போகிற இழப்பைக் கழித்தால் செங்குத்தில் பெரிய சேமிப்பு இருக்காது. ஆனால் அதற்கும் மருந்து வாசலில் இல்லை, கியரிலும் லோடிலும் இருக்கிறது. மூன்றாவது கியரில் இன்ஜின் குதிரை குறைந்து முனகும்போது 'இழுவை இல்லை' என்பது, மிதிவண்டியில் பெரிய பல்சக்கரம் போட்டு மலை மிதிப்பது மாதிரி. இரண்டாவதுக்கு மாற்றினால் அதே இன்ஜின் ஏறும். 'கியர் குறைச்சா எண்ணெய் குடிக்கும்' என்ற பயத்தில் திணறத் திணற ஓட்டுவது கிளட்ச்சைத்தான் குடிக்கும்.

சி.என்.ஜி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். வாயு தானே இடம் அடைத்துக்கொள்வதால் காற்றுக்கு இடம் குறையும். சூப்பர் கேரி பெட்ரோலில் 80 என்றால் சி.என்.ஜி-யில் 72-ஐ ஒட்டித்தான். மலையின் இழப்பு அதற்கு மேல். ஏற்றத்தில் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்கிற ஓட்டுநர்களின் பழக்கத்துக்குப் பின்னால் உள்ள காரணம் இதுதான். கஞ்சத்தனத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் அது நல்ல பழக்கம்.

ஏறுவதை விடுங்கள்... இறங்குவது?

பட்டறையில் யாரும் பேசாத, ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் இங்கேதான் இருக்கிறது.

மலையிறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் தகடு மூடிக்கொள்கிறது. சிலிண்டர்கள் இழுக்க இழுக்கக் காற்று கிடைக்காமல் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடத்தை எதிர்த்து இழுப்பதற்கே இன்ஜின் சக்தியைச் செலவழிப்பதால் வண்டி தானாக மட்டுப்படுகிறது. இதுதான் பெட்ரோல் வண்டியின் இன்ஜின் பிரேக்கிங்கில் பெரும்பங்கு. தகடு இல்லாத பெரிய டீசல் லாரிகளுக்கு இந்த வசதி குறைவு. அதனால்தான் அவற்றில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக வைக்கிறார்கள்.

அதே வெற்றிடம் இன்னொரு வேலையும் செய்கிறது. பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் பிரேக் பெடலுக்கு உதவி செய்யும் பூஸ்டர், இன்ஜினிலிருந்து ஒரு குழாய் வழியாக இந்த வெற்றிடத்தை எடுத்துத்தான் இயங்குகிறது. பெடல் மெத்தென்று இறங்கி, சின்ன அழுத்தத்துக்கே வண்டி நிற்பது அதன் புண்ணியம். மலையில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் பூஸ்டரின் உதவியும் அதற்கேற்பக் கொஞ்சம் குறைந்துதான் இருக்கும்.

இப்போது அளவு பொருந்தாத ஒரு த்ராட்டில் பாடியை யோசியுங்கள். இன்ஜினின் காற்றுக் குழாய் வாய் 45 மி.மீ, மாட்டியது 55. இடையில் ஒரு அடாப்டர் தகடு, வெட்டிப் போட்ட கேஸ்கெட், கொஞ்சம் சீலன்ட். நடுவில் ஒரு படி இருப்பதால் 55 வாங்கியும் காற்று 45-க்குள்தான் நுழைகிறது என்பது ஒரு கூத்து. அது போகட்டும். அந்த இணைப்பில் முடியளவு கசிவு இருந்தாலும், தகடு மூடும்போது விளிம்பில் சரியாக உட்காராவிட்டாலும், மூடிய நிலையிலும் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஐடிலிங் ஏறும். இறக்கத்தில் இன்ஜின் பிடிக்க வேண்டிய நேரத்தில் தளரும். அதனால் ஓட்டுநர் பிரேக்கை அதிகம் மிதிப்பார். வெற்றிடம் குறைந்ததால் பிரேக் பூஸ்டரின் உதவியும் அப்போதுதான் குறையும். பிரேக் சூடேறும். 20 வளைவுகளில் எத்தனையாவது வளைவில் அது காட்டிக்கொடுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள புதிய வண்டிகளில் வேறொரு சிக்கல். பெடலுக்கும் தகடுக்கும் நடுவே கேபிள் கிடையாது, இ.சி.எம் சொன்ன கோணத்துக்கு ஒரு சின்ன மோட்டார் தகட்டைத் திருப்புகிறது. எந்தக் கோணத்தில் எவ்வளவு காற்று என்பது அதன் நினைவில் பழைய அளவுக்குப் பதிவாகியிருக்கிறது. பெரிய வாசல் வந்ததும் கணக்கு பிசகும். கொஞ்ச நாள் சமாளிக்கப் பார்க்கும். முடியாதபோது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஸ்கேனரை மாட்டினால் 'பி0507' மாதிரி, ஐடிலிங் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று கோடு காட்டும். இன்னும் முரண்டினால் பவரைக் குறைத்து 'நொண்டி' நிலைக்கு வண்டி போய்விடும். மலை ஏற மாட்டேன் என்ற வண்டி, இப்போது தெருவையே தாண்டாது.

வாரன்டி விஷயத்தில் கம்பெனி கையை விரித்துவிட வாய்ப்பு அதிகம். அனுமதியில்லாத மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்றும் இருக்கிறது. விபத்து என்று ஆகி இன்ஷூரன்ஸ்காரர் வண்டியைத் திறந்து பார்க்கும் நாளில் இந்தப் பேச்சு எல்லாமே வேறு மாதிரி இருக்கும்.

சரி, இழுவை நிஜமாகவே குறைந்திருந்தால்?

போன வருடம் ஏறிய லோடோடு இந்த வருடம் அதே வளைவில் ஏறவில்லை என்றால் புகார் நியாயமானது. மலை உயரவில்லை, வண்டியில் ஏதோ குறைந்திருக்கிறது.

எஸ்டேட் மண் பாதைகளில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர்தான் முதல் சந்தேகம். மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு தார் ரோட்டுக்கு. செம்மண் புழுதிக்கு அதைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது. அடுத்தது, பழைய த்ராட்டில் பாடியையே சுத்தம் செய்வது. இன்ஜினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி தகட்டின் விளிம்பில் கரியாகப் படியும். ஐடிலிங் தடுமாறும், காலை வைத்தவுடன் வண்டி யோசிக்கும். அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயும் மெல்லிய துணியும் போதும். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டக் கூடாது. எலக்ட்ரானிக் தகட்டைக் கையால் அழுத்தித் திறக்கவும் கூடாது, உள்ளே இருக்கும் பல்சக்கரம் மென்மையானது. சுத்தம் செய்த பிறகு ஐடிலிங்கை இ.சி.எம் மறுபடி கற்றுக்கொள்ள விட வேண்டும். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு அது சில நிமிட வேலை.

அதிலும் சரியாகவில்லை என்றால் கிளட்ச், ஸ்பார்க் பிளக், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், காற்று குறைந்த டயர் என்று வரிசையாகப் பார்க்கலாம். கூடவே, கொஞ்சம் சங்கடமான கேள்வி: லோடு எவ்வளவு? 'நாலு மூட்டைதான் கூட' என்பது 200 கிலோ.

வாசல் நிஜமாகவே போதவில்லையா என்று தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. மேப் சென்சார் உள்ள வண்டியில் ஒரு ஸ்கேனரை மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். பிறகு மெக்கானிக் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, முழு மிதியில் உச்ச சுற்றில் அந்த எண் எவ்வளவு இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். 98 இருந்தது 96, 97-க்கு வந்தால் வாசல் தாராளமாகப் போதும். 90-க்குப் போனால் எங்கோ மூச்சு அடைக்கிறது. அப்போதும் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே எலிக்கூடோ காய்ந்த இலையோ உட்கார்ந்திருக்கும். பெரிய த்ராட்டில் பாடி தேவைப்படுவது இன்ஜினையே பெரிதாக்கியவர்களுக்கும், ரேஸ் வண்டிபோல உச்ச சுற்றிலேயே ஓட்டுகிறவர்களுக்கும்தான். மாரமங்கலத்திலிருந்து மிளகு மூட்டை இறக்குகிறவர் அந்தப் பட்டியலில் இல்லை.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் இன்றே ஒரு சோதனை செய்யலாம். சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, பிரேக் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். கல் மாதிரி ஆகும். அப்படியே அழுத்திப் பிடித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வெற்றிடம் போகவில்லை. அந்த வண்டி பட்டறைக்குப் போகலாம், மலைக்குப் போகக் கூடாது. இறங்கினாலும், ஐடிலிங் ஏறி நிற்கிற வண்டியாக இருந்தால் இணைப்பில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே லோடு ஏற்றுங்கள்.

வண்டி இல்லாதவர்களுக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஒரு சின்ன வேடிக்கை. சில ஸ்மார்ட்போன்களில் காற்றழுத்தமானி இருக்கிறது. அதைக் காட்டும் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, அடுத்த முறை ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். சேலத்தில் 980 மில்லிபாரை ஒட்டி நிற்கும் எண், ஒவ்வொரு வளைவுக்கும் இறங்கி இறங்கி, ஏரிக்கரையில் 850-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எதிரே மூச்சிரைத்தபடி ஏறி வரும் குட்டி யானைக்கு உங்கள் பஸ் டிரைவர் ஒதுங்கி வழி விடுகிறாரா என்றும் கவனியுங்கள். குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று சாலை விதியே சொல்கிறது.